சொல்லத் துணிதல்

தெருவில் இருவர் கைகலந்தால் இடையே புகுந்து விலக்கிவிடும் துணிவுடையோர் உண்டு. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே அவர் குறையை எடுத்துரைத்துவிட்டு, அமைதியாகத் தம் இருக்கைக்குத் திரும்புவோரும் உண்டு. அத்தகையோரிடமே, நெஞ்சின் ஆழத்தில் எதை நம்பி வாழ்கிறீர் என்று கேட்டுப் பார்த்தால், பேச்சு தடைப்படும், பார்வை தாழும். அதெல்லாம் அவரவர் மனத்தைப் பொறுத்தது என்ற ஒரு வாக்கியத்தோடு உரையாடல் வானிலையை நோக்கியோ விலைவாசியை நோக்கியோ திரும்பிவிடும்.

இந்த அச்சம் விந்தையானது. அடிக்கு அஞ்சுவதன்று இது; சட்டத்துக்கு அஞ்சுவதும் அன்று. கேட்பவர் நகைத்துவிடுவாரோ என்ற ஐயம் ஒன்று. நல்ல நட்பு ஒன்று இதனாலே கெட்டுவிடுமோ என்ற கவலை மற்றொன்று. இவ்விரண்டினும் கொடியது, சொன்னபடி நீர் வாழ்கிறீரா என்று எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற உள்நடுக்கம். பெரும்பாலும் நாவைக் கட்டிப்போடுவது இந்த மூன்றாவதேயாகும். மற்ற இரண்டும் அதன்மேல் போர்த்திய போர்வைகள்.

கிறிஸ்தவ நெறியைத் தழுவியவர்க்கு இந்தத் தொல்லை இருமடங்கு. போய் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்பது அந்நெறியின் தலைவர் தம் சீடர்க்கு இறுதியாக இட்ட பணி. ஆகவே பேசாதிருத்தல் அவர்களுக்குக் குற்றவுணர்ச்சியாகிவிடுகிறது. பேசினாலோ, பிறர் நம்பிக்கையின்மேல் கை வைப்பதாகிவிடுமோ என்ற தயக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று, துணிவை எங்கே தேடிப் பெறுவது என்று தெரியாமல் வாழ்நாளைக் கழித்தவர் பலர். தேடிப் பெற்றவர்களுள் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரியிலே, பனைமரங்கள் அணிவகுத்து நிற்கும் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இளமையில் மிஷன் பள்ளியில் பயிலும்போது 1839இல் கிறிஸ்தவரானவர். பின்னர் அவ்வூர்த் திருச்சபையின் குருவானவர். நெடுநாள் காத்திருந்து பெற்ற மகனைத் தாயார் எலன் அம்மையார் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். 1889இல் தந்தை மறைந்தபின் அந்தப் பொறுப்பு முழுவதும் தாயின் தோள்மேலேயே விழுந்தது.

நெல்லைச் சீமையின் அந்தப் பகுதியில், கோயில்மணி கேட்டு எழுந்து கோயில்மணி கேட்டு உறங்கும் கிறிஸ்தவச் சிற்றூர்கள் பல இருந்தன. அத்தகைய ஊரிலே ஒருவர் தம் நம்பிக்கையை மற்றொருவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. மீனுக்கு மீன் நீரைப்பற்றி என்ன சொல்லும்? தந்தை தாமே தேர்ந்து நெறி மாறியவர். உற்றார்க்கும் ஊரார்க்கும் அவர் காரணம் கூறியாக வேண்டியிருந்திருக்கும். மகனுக்கோ அந்த நம்பிக்கை பாட்டன் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப்போல வழிவழி வந்த உடைமை. பரம்பரைச் சொத்துக்கு உரியவர்கள் அதன் விலையை அறிவது அரிது. அதைப்பற்றிப் பேசுவதும் அரிது. சமயத்துக்கு மட்டுமன்று, மொழிக்கும் இது பொருந்தும் என்பதைத் தமிழ் கற்பிப்போர் நன்கறிவர். தாய்மொழி என்று மார்தட்டும் வீட்டிலேயே பிள்ளைக்கு ஏன் தமிழ் படிக்கவேண்டும் என்று சொல்லத் தெரியாமல் விழிக்கும் பெற்றோரை அவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள் அல்லரோ?

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அசரியா, தேர்வு வேளையில் நோயுற்றதனால் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1895இல், இருபத்தோராம் வயதில், ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளருள் ஒருவரானார். அது முதல் பதினான்கு ஆண்டுகள் தென்னாடு முழுவதும் சுற்றிச் சுற்றி மாணவரிடையே பேசுவதே அவர் தொழிலாயிற்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவன்மை மிக்கவர். அப்படியானால் அவர்க்குத் துணிவு எப்பொழுதோ வந்துவிட்டது என்றன்றோ எண்ணத் தோன்றும்?

மேடை என்பது ஒருவகை மறைவிடம். சொல்வன்மை அதிகாரத்தை ஒரு மணிநேரம் விரித்துரைக்கும் ஆசிரியர், வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் வாயிற்காவலரிடம் இரண்டு வார்த்தை பேசத் தயங்குவது உண்டு. மேடையிலே பேசுபவர் ஆயிரம் பேரிடம் பேசுகிறார். அதனால் ஒருவரிடமும் பேசாமல் தப்பிவிடுகிறார். அசரியாவின் மேடைத் துணிவையும் இந்த அளவில்தான் மதிப்பிட வேண்டும். அவருடைய உண்மையான துணிவு பிறந்த இடம் மேடையன்று.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அவர் கண்டது இது: எண்ணிக்கையில் சிறியவர்களான யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், தங்களுக்குள்ளே பணம் திரட்டி, தங்களுள் சிலரையே கடல் கடந்து இந்தியத் தமிழ்க் கரைக்கு நற்செய்திப் பணிக்காக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அசரியாவின் சொந்த நெல்லைத் திருச்சபையோ தென்னாட்டின் மிகப் பெரிய கிறிஸ்தவச் சமுதாயங்களுள் ஒன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. ஓங்கிய கோபுரங்களும் பள்ளிகளும் உடையது. அது தன் எல்லைக்கு அப்பால் ஆட்களை அனுப்புவதில் பெரிதும் முனைந்ததில்லை. வெள்ளைக்காரர் வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டது; அவ்வளவே. பிறர்க்குச் சொல்வது வெள்ளைக்காரரின் வேலை என்று இருந்துவிட்டது.

அசரியா நாணினார்.

திருக்குறளில் நாணுடைமைக்கெனத் தனி அதிகாரம் உண்டு. பெண்டிர்க்கு அணியென்று கூறப்படும் நாணம் வேறு. தகாதது கண்டு சான்றோர் உள்ளம் சுருங்கும் நாணம் வேறு என்று வள்ளுவர் அங்கே பிரித்துக் காட்டுகிறார். யாழ்ப்பாணத்திலே அசரியாவுக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. வழக்கமாக நாணம் நாவைப் பூட்டும். இங்கே அது பூட்டைத் திறந்தது. தம்மினும் எளியவர்கள் செய்வதைத் தாம் செய்யவில்லை என்று கண்டபோது, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்துக்கு அவர் நெஞ்சில் இடமில்லாமற் போயிற்று.

ஊர் திரும்பியவர் வாளாவிருக்கவில்லை. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் என்ற மூன்றும் அதன் கொள்கை. அந்நாளில் இது எளிய சொல்லன்று. அயல்நாட்டுப் பணத்தை எதிர்பார்த்தே பழகிய மக்களிடம், உங்கள் அடுக்களையிலிருந்து கொடுங்கள் என்று கேட்பதாயிற்றே! சங்கம் தேர்ந்தெடுத்த களம், நிஜாமின் ஆட்சியில் இருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். 1904இல் முதல் ஊழியர் புறப்பட்டுச் சென்றார். 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று வங்கத்துச் செராம்பூரில், இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனெரி சங்கம் ஒன்றும் உருவாயிற்று. அதன் பொதுச் செயலாளர் பொறுப்பும் அசரியாவிடமே வந்தது.

கடிதங்கள், கணக்குகள், கூட்டங்கள், வேண்டுகோள்கள் என்று ஆண்டுகள் ஓடின. போங்கள், போய்ச் சொல்லுங்கள் என்று ஊர்ஊராகச் சென்று இளைஞரைத் தூண்டினார். பலர் எழுந்தனர், சிலர் போயினர். ஆறு ஆண்டுகள் இப்படிக் கழிந்தபின்தான் ஒரு கேள்வி அவரையே சுட்டி நின்றது. பிறரைப் போகச் சொல்பவன் தான் போகாதிருத்தல் தகுமா? பிறர் கேட்டிருந்தால் விடை சொல்லித் தப்பியிருக்கலாம். செயலாளர் போய்விட்டால் சங்கம் என்னாவது என்பது ஏற்கத்தக்க விடைதான். ஆயினும் கேட்டது அவர் நெஞ்சமாயிற்றே. 1909இல், முப்பத்துநான்காம் வயதில், குருப்பட்டத்தின் முதற்படியை ஏற்று, பழகிய பதவியையும் பெருநகரங்களையும் விட்டுத் தோர்ணக்கல் சென்றார். அவர் துணைவியார் அன்பு அம்மையாரும் அந்தப் பணியில் தோளோடு தோளாக நின்றார். கல்லூரிக் கல்வி பயின்ற தமிழ்ப் பெண்கள் மிகச் சிலரே இருந்த காலத்தில் அக்கல்வி பெற்றவர் அவர். அந்தப் படிப்பைக் கொண்டு நகரத்திலே மதிப்போடு வாழ்ந்திருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது.

அங்கே அவர் முதலில் இழந்தது தம் நாவை.

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழிலே பேசினால் கூட்டம் கட்டுண்டு கேட்கும். ஆங்கிலத்திலே பேசினால் ஐரோப்பியரும் வியப்பர். அத்தகையவர் முப்பத்துநான்கு வயதுக்கு மேல் தெலுங்கு அரிச்சுவடியை எடுத்து வைத்துக்கொண்டு, சின்னஞ்சிறு பிள்ளையைப்போல எழுத்துக்கூட்டத் தொடங்கினார். தமிழுக்குத் தெலுங்கு உடன்பிறப்புத்தானே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கற்றுப் பார்த்தவர்க்கே அதன் இடர் தெரியும். முற்றும் அயலான மொழியிலே தவறு செய்தால் அது அறியாமை என்று விடப்படும். உடன்பிறப்பு மொழியிலே தவறு செய்தால் நகைப்புக்கு இடமாகும். சொல் ஒன்றாயிருக்கும், பொருள் வேறாயிருக்கும். பொருள் ஒன்றாயிருக்கும், ஒலி நழுவும். நாவன்மையால் மதிப்புப் பெற்றவர் ஒருவர்க்கு, உழவர்களும் கூலியாட்களும் வாய்மூடிச் சிரிக்கும்படி பேசித் தடுமாறுவதைவிடப் பெரிய மானக்கேடு வேறென்ன?

பிறமொழி பேசும் பிள்ளைகள் சூழ்ந்த வகுப்பறையில் நின்று பழகிய ஆசிரியர்க்கு இது புதிதன்று. பிழையாகப் பேசிவிடுவோமோ என்று அஞ்சும் மாணவன் என்றைக்கும் அம்மொழியில் பேசுவதில்லை. பிழையைப் பொறுத்துக்கொள்ளத் துணிந்தவனுக்கே மொழி வசப்படுகிறது. அசரியா துணிந்தார், காலப்போக்கில் தெலுங்கு அவர்க்கு வசப்பட்டது.

சொல்லு என்று தமிழர் அன்றாடம் வழங்குவதைத் தெலுங்கர் செப்பு என்பர். தமிழிலும் அச்சொல் உண்டு. ஆனால் பேச்சிலிருந்து நீங்கி இலக்கியத்திலே மட்டும் ஒதுங்கிவிட்டது. தொல்காப்பியர் காலத்திலோ அதற்கு நுட்பமான பொருள் இருந்தது. வினா என்பதற்கு இணையாக நின்றது செப்பு. ஒருவர் வினவ, மற்றவர் இறுக்கும் விடையே செப்பு. கேளாதவர் காதில் கொண்டுபோய்த் திணிப்பது செப்பாகாது. அசரியாவின் பிற்காலப் பணி முழுவதையும் விளக்குவதற்கு இந்த ஒரு சொல் போதும் போலத் தோன்றுகிறது.

அதற்குமுன் இடையிலே நேர்ந்த ஒன்றையும் கூறவேண்டும். தோர்ணக்கல் சென்ற மறு ஆண்டு, 1910 ஜூன் மாதத்தில், ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பேராளர். ஆசிய நாட்டார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவர் அசரியா. மிஷனெரிமார்க்கும் உள்நாட்டு ஊழியர்க்கும் இடையேயுள்ள ஒத்துழைப்பைப்பற்றிப் பேசும்படி அவரைக் கேட்டிருந்தனர். நன்றி கூறிவிட்டு இரண்டு பாராட்டுகளைச் சேர்த்து முடித்திருந்தால் அரங்கம் மகிழ்ந்திருக்கும்.

அவர் உள்ளதைச் சொன்னார். இந்திய ஊழியர்க்கும் ஐரோப்பிய மிஷனெரிக்கும் இடையே உள்ள உறவு பெரும்பாலும் முதலாளிக்கும் வேலையாளுக்கும் உள்ள உறவாகவே இருக்கிறது என்றார். ஒரே திருச்சபையில் பல்லாண்டு உழைத்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாத நிலையைச் சுட்டிக் காட்டினார். பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் தாருங்கள் என்ற கருத்தில் வளர்ந்த அந்தப் பேச்சு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற வேண்டுகோளோடு முடிந்தது. கைதட்டியவர் இருந்தனர். நெஞ்சில் முள் தைத்தாற்போல இருந்தவரும் இருந்தனர். இந்த மனிதரை இவ்வளவு தொலைவு அழைத்து வந்தது பிழையோ என்று எண்ணியவரும் இருந்திருப்பர்.

நம்பிக்கையை அயலார்க்குச் சொல்வதினும், நம்பிக்கை தந்தவர்களிடமே அவர்கள் குறையைச் சொல்வது கடினம். முன்னதற்குக் கிடைப்பது ஏளனமாயிருக்கலாம். பின்னதற்கு நன்றிகெட்டவன் என்ற பெயர் கிடைக்கும். தமிழர்க்கு அதனினும் பெரிய பழி இல்லை. எடின்பரோப் பேச்சைத் தேசிய உணர்ச்சியின் எழுச்சியாக மட்டும் காண்போர் உண்டு. அது உண்மையின் ஒரு பாதி. தோர்ணக்கலில் எழுத்துக்கூட்டித் தெலுங்கு கற்றுக்கொண்டிருந்த மனிதரின் பேச்சு அது என்பதை நினைந்தால் மறுபாதி விளங்கும். அன்பைப்பற்றிச் சொல்ல வந்தவர் சொல்லக் கேட்பவரோடு உட்கார்ந்து உண்ணாவிட்டால், சொன்னது சென்று சேராது என்பதை அவர் கேட்கும் பக்கத்திலிருந்து அறிந்தவர். இப்போது சொல்லும் பக்கத்திலும் நின்று அறியத் தொடங்கியிருந்தார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. வெள்ளையர் ஒருவர் கருநிற மனிதரின் கீழ்ப் பணியாற்றுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சாதி காரணமாகச் சொந்த மண்ணிலிருந்தே எழுந்த எதிர்ப்பும் உண்டு. அவற்றை விரித்துரைப்பதால் பயன் இல்லை. பதவி வந்தபின் அவர் எங்கே போய் அமர்ந்தார் என்பதே கவனிக்கத் தக்கது.

தோர்ணக்கல் பகுதியிலே அவர் பேச்சுக்குச் செவி கொடுத்தவர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் மக்கள். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள், நிலமில்லாதவர்கள், எழுத்தறிவு அற்றவர்கள். அந்த இரு பிரிவினர்க்கும் இடையேகூட உண்ணலும் கொள்ளலும் இல்லை. அவர்களை ஒரே பந்தியில் அமர்த்தி, ஒரே கிண்ணத்தில் பருகச் செய்வது எத்தகைய போராட்டம் என்பதைச் சாதியின் கொடுமையை அறிந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மாட்டுவண்டியிலே ஊர்ஊராகச் சென்றார் பேராயர். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கு பேய்களை விரட்டுங்கள் என்று அவர்க்குப் போதித்தார். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துத் திருச்சபைக்குத் தரும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பிச்சை ஏற்கும் கையாகவே கருதப்பட்ட கை, கொடுக்கும் கையாயிற்று.

இவை எல்லாவற்றினும் வியக்கத்தக்கது ஞானஸ்நான வேளையில் நிகழ்ந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களை அவர் தம் கையைத் தம் தலைமேலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார். நற்செய்தியைச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்ற பொருள்படும் பவுலடிகளின் வாக்கை அந்த நிலையில் அவர்களே தம் வாயால் உரைக்க வேண்டும். தம் தலைமேல் தாமே ஆணையிட்டுக்கொள்வது போன்றது அது. சொல்லுகிற பொறுப்பு குருமார்க்கும் படித்தவர்க்கும் உரியது என்ற எண்ணத்தை முளையிலேயே கிள்ளுவதற்கு அவர் கண்ட வழி.

நெல்லைச் சீமையின் குறை எங்கே தொடங்கியது என்பதை அவர் மறக்கவில்லை. முதல் தலைமுறை கேட்டது. இரண்டாம் தலைமுறை உடைமையாக்கிக்கொண்டது. மூன்றாம் தலைமுறை பேசாமலே இருந்துவிட்டது. தோர்ணக்கலில் அப்படி நேரலாகாது என்று எண்ணினார் போலும். ஆண்டுதோறும் சாட்சி வாரம் என்று சில நாட்களை ஒதுக்கி, உழவரும் கூலிப்பெண்டிரும் அண்டை ஊர்களுக்குச் சென்று தம் வாழ்வில் நேர்ந்ததைத் தாமே சொல்லும்படி செய்தார். தத்துவம் பேச அவர்க்குத் தெரியாது. குடித்துக்கொண்டிருந்தேன், இப்போது குடிப்பதில்லை. கடன் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. அஞ்சிக்கொண்டிருந்தேன், இப்போது அஞ்சவில்லை. இவ்வளவுதான் அவர்கள் சொல்லக்கூடியது.

இங்கேதான் தொடக்கத்தில் கூறிய மூன்றாவது அச்சத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சொன்னபடி வாழ்கிறீரா என்ற வினாவுக்குப் படித்தவர் அஞ்சுகிறார். அந்த உழவர்க்கோ அவ்வினா அச்சம் தரவில்லை. சொல்லுவதற்கு அவரிடம் இருந்ததே அதன் விடை ஒன்றுதான். அவர் வீட்டையும் விளைநிலத்தையும் அயலார் நாள்தோறும் கண்டுகொண்டிருந்தனர். பல ஊர்களிலே மேற்சாதியார் சிலர், தம் வயலில் வேலை செய்யும் இம்மக்களின் மாறுதலைக் கண்டபின் தாமே வந்து வினவினர் என்பதை அக்கால ஆய்வுகள் பதிந்துள்ளன. வினா முன்னே வந்தது. செப்பு பின்னே சென்றது.

இதற்கு வலிமையான மறுப்பும் எழுந்தது; அதை மறைத்தல் நேர்மையாகாது. 1930களில் காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழில் மதமாற்றப் பணியைக் கடுமையாகக் கண்டித்தார். ரோஜா மலர் தன் மணத்தைப்பற்றிச் சொற்பொழிவு செய்வதில்லை. சமயமும் அவ்வாறே வாழ்க்கையால் மணக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஏழை எளியோர் இரு சமயங்களை ஒப்பிட்டுத் தேரும் நிலையில் இல்லை என்றும் அவர் எழுதினார். முதற் கருத்தில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. மணமில்லாத மலர்கள் மேடையேறிக் கூவியதால் சமயங்கள் அனைத்துக்குமே இழுக்கு நேர்ந்திருக்கிறது. தம் நெறியின் பெருமையைச் சொல்வதாகப் புறப்பட்டுப் பிறர் நெறியைப் பழிப்பதில் போய் முடிந்த பேச்சுகள் எத்தனை! அச்சம் நீங்கினால் போதாது. அடக்கமும் நீங்கிவிட்டால் அது துணிவாகாது, துடுக்காகும்.

ஆனால் இரண்டாவது கருத்தை அசரியாவால் ஏற்க இயலவில்லை. ஏற்றிருந்தால் தம் தலைமேல் கைவைத்து நின்ற அந்த மக்களுக்கு அறிவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். பசியும் அவமதிப்பும் அறிந்தவர்க்கு எது தம்மை நிமிர்த்தியது என்று தேரத் தெரியாதா? மனிதன் மலரன்று, மலருக்கு நாவில்லை. நோய் தீர்ந்தவன் மருந்தைப்பற்றி வாய்திறக்காமல் புன்னகை மட்டும் புரிந்தால், பக்கத்துத் திண்ணையில் இருமிக்கொண்டிருப்பவன் என்ன நினைப்பான்? இப்படியும் கேட்கலாமன்றோ? இரு பெரியோரின் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அது எண்ணிக்கைக்காகவும் அரசியல் ஆதாயத்துக்காகவும் செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை ஒன்றைக் குறிக்கலாம். 1932இல் கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி என்ற ஏற்பாடு வந்தபோது அதை எதிர்த்தவர்களுள் அசரியாவும் ஒருவர். தனிக் கூட்டமாக ஒதுங்கி நின்று சலுகை பெறுவதை அவர் விரும்பவில்லை.

தோர்ணக்கலில் அவர் எழுப்பிய பேராலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. கட்டி முடிக்க ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அதன் தூண்களிலே இந்துக் கோயிலின் சாயலும் குவிமாடங்களிலே பள்ளிவாசலின் சாயலும் கலந்து தோன்றும். அயல்நாட்டு ஊசிக்கோபுரத்தை அங்கே காண இயலாது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1945ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் அங்கேயே மறைந்தார். தென்னாட்டுத் திருச்சபைகளை ஒன்றாக்கும் முயற்சிக்காக 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கி அவர் உழைத்த உழைப்பின் பயனான தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் பிறந்தபோது அதைக் காண அவர் இல்லை.

பேராலயத்தினும் அவரை நன்கு உணர்த்துவது வேறொரு காட்சி. நாள் முழுவதும் வயலில் உழைத்தவர்கள் இருட்டியபின் ஒன்றுகூடுவார்கள். நூல்களைப் படிக்கத் தெரியாதவர்கள் ஆதலால் எல்லாவற்றையும் கேட்டும் பாடியுமே நெஞ்சில் பதித்துக்கொள்வார்கள். தொலைவிலிருந்து வண்டியில் வந்த பேராயர் அவர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் மொழியிலே ஒவ்வொருவராக வினவுவார். ஒரு கிழவி தயங்குவாள். பக்கத்தில் இருப்பவள் முழங்கையால் இடிப்பாள். பிறகு மெல்லத் தொடங்கித் தனக்குத் தெரிந்ததைச் செப்புவாள். மறுநாள் விடிந்ததும் மீண்டும் வயல். நாற்று நடும் வரிசையிலே அவளுக்கு அடுத்து நிற்பவள், நேற்றிரவு அங்கே என்ன நடந்தது என்று கேட்பாள்.